கார்டில் எடுத்த ரொக்கம்: வெளிநாடு கிளம்பும் முன் ஒரு கணக்கு

(உம்ரா செல்பவர்களுக்கும், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கும் பெண்ணாடத்தில் நடந்த வழிகாட்டிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

இஹ்ராம், தவாஃப், ஸஃயு பற்றியெல்லாம் ஹஜ்ரத் அவர்கள் அழகாக விளக்கிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு பணம். இபாதத் பேசிய மேடையில் பணத்தைப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றும். போன வருடம்வரை எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. பைத்துல்மாலுக்கு வந்த ஒரு மனு எங்கள் எண்ணத்தை மாற்றிவிட்டது. பெயரும் தெருவும் சொல்ல மாட்டோம். அவரே, "மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், என் பேர் மட்டும் வேண்டாம்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் சூளையில் கணக்கு எழுதுகிறவர் அவர். அம்மாவை அழைத்துக்கொண்டு உம்ரா போனார். மதீனாவில் அம்மாவின் கைப்பை தொலைந்துவிட்டது. ஊரில் மாற்றிக்கொண்டு போன ரியால் முழுவதும் அதில் இருந்தது. இவரிடம் இரண்டு கார்டு. ஒன்று சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு, அந்தக் கணக்கில் அப்போது அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. இன்னொன்று வங்கிக்காரர் வற்புறுத்திக் கொடுத்த கிரெடிட் கார்டு. ஏ.டி.எம். கார்டைச் செருகினால் வேலை செய்யவில்லை. வெளிநாட்டு உபயோகம் திறந்திருக்கவில்லை. அதைத் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி வரும் சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, ஜித்தாவில் வாங்கிய சிம்மைப் போட்டிருந்தார். கிரெடிட் கார்டில் மட்டும், ஓட்டலுக்கு உதவும் என்று ஊரிலேயே வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து வைத்திருந்தார். அதைச் செருகினார், பணம் வந்தது. மூன்று தடவையாக 3,000 ரியால் எடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் வழி காட்டினான் என்றுதான் அப்போது நினைத்ததாகச் சொன்னார்.

ஊர் வந்ததும் பில் வந்தது. பில்லில் இரண்டு தொகை போட்டிருந்தது: மொத்த பாக்கி, அதன் கீழே மினிமம் டியூ. அந்த மாதம் கட்ட வேண்டியது மினிமம் டியூதான் என்று எடுத்துக்கொண்டார். கணக்கில் இருந்த அறுபதாயிரம் தங்கை கல்யாணத்தில் கரைந்தது. எட்டு மாதம் தவறாமல் மினிமம் டியூவைக் கட்டினார். கட்டிய தொகை ஏறத்தாழ நாற்பத்தொன்பதாயிரம். ஒன்பதாவது பில்லில் பாக்கி ஐம்பத்துமூன்றாயிரம் என்று நின்றது. எடுத்தது எழுபத்தையாயிரம் ரூபாய் மதிப்புள்ள ரியால். அப்போதுதான் பில்லின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறார். எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி கடனைப் பற்றியது இல்லை. "மதீனாவில் நின்று வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேனா?" என்று கேட்டார்.

கணக்கு எழுதுகிறவருக்கே இந்த நிலை. நம்மில் பலருக்கு ஏ.டி.எம். கார்டும் கிரெடிட் கார்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரண்டுக்கும் பின் நம்பர் உண்டு. இரண்டையும் ஒரே இயந்திரத்தில்தான் செருகுகிறோம். ஒன்றில் வருவது நம் பணம், இன்னொன்றில் வருவது வங்கியின் பணம். கிரெடிட் கார்டில் எடுக்கும் ஒவ்வொரு ரியாலும் கடன்.

சரி, எவ்வளவு கடன், என்ன வட்டி என்று பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க ஒரு ரியாலை 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் நாளில் கூடவோ குறையவோ இருக்கும். சவுதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருப்பதால், டாலர் ஏறினால் ரியாலும் ஏறும்.

மக்காவில் ஒரு கடையில் 1,000 ரியாலுக்குச் சாமான் வாங்கிக் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறீர்கள். அது 25,000 ரூபாய். வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியதற்காக வங்கி ஒரு கட்டணம் போடும். சாதாரணக் கார்டுகளில் பெரும்பாலும் 3.5 சதவீதம், சில உயர்வகைக் கார்டுகளில் குறைவு. 3.5 என்றால் 875 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 157 ரூபாய் 50 காசு. ஆக 1,032 ரூபாய் 50 காசு கூடுதல் செலவு. இது கட்டணம், வட்டியில் சேராது. பில்லில் சொன்ன கெடு தேதிக்குள் மொத்தத்தையும் கட்டிவிட்டால் வட்டி வராது.

இப்போது அதே 1,000 ரியாலை அதே கிரெடிட் கார்டில் ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுக்கிறீர்கள். மேலே சொன்ன 1,032.50 அப்படியே உண்டு. அதற்குமேல் ரொக்கம் எடுத்ததற்கென்று தனிக் கட்டணம், பல வங்கிகளில் 2.5 சதவீதம், குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு வரம்பும் இருக்கும். 2.5 சதவீதம் என்றால் 625 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 112.50. பிறகு வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள், இதைவிடக் கூடுதலாக வாங்கும் கார்டுகளும் இருக்கின்றன. 40 நாள் கழித்துக் கட்டினால் வட்டி 1,150 ரூபாய். கிரெடிட் கார்டு வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, அது 207 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் 25,000 ரூபாய்க்கு 3,127 ரூபாய் கூடுதல், அதாவது எட்டில் ஒரு பங்கு. அந்த நாட்டு ஏ.டி.எம்.காரர் தன் பங்குக்கு ஏதாவது பிடித்தால் அது தனி.

இந்தக் கணக்கில் ஒரு இடத்தைத்தான் நீங்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். பொருள் வாங்கியதற்குக் கெடு நாள் உண்டு. ரொக்கத்துக்குக் கெடு நாளே கிடையாது. ஏ.டி.எம்.மில் நோட்டு வெளியே வந்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. பில் வந்த அன்றே ஓடிப்போய்க் கட்டினாலும், இடைப்பட்ட நாள்களின் வட்டி நம் தலையில்தான்.

மாதம் மூன்றரை சதவீதம் என்பதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை ரூபாய் வட்டி. வருடத்துக்கு 42 சதவீதம். தெருவில் ஒருவர் மூன்று ரூபாய் வட்டிக்குக் கொடுத்தால் நாம் அவரைக் கந்துவட்டிக்காரர் என்கிறோம். தமிழ்நாட்டில் அதற்கென்று 2003-ல் சட்டமே வந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் குளிர்சாதனம் போட்டு, நம் பெயரை அழகாக அச்சடித்த அட்டையில் கொடுத்தால் அது வட்டி மாதிரியே தெரிவதில்லை. இதில் சட்டம் நமக்குக் கைகொடுக்குமா என்று கேட்டால், கிரெடிட் கார்டுக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி எவ்வளவு என்பதில் ஆணையம் தலையிட முடியாது, அது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்பது இன்றைய நிலை. ஆகவே கார்டு எடுக்கும்போது நாம் கையெழுத்துப் போட்ட சதவீதம்தான் நம்மைக் கட்டுப்படுத்தும்.

இப்போது மார்க்கத்தின் பக்கம். நாங்கள் ஃபத்வா கொடுக்க வந்தவர்கள் இல்லை, ஹஜ்ரத் இங்கேயே இருக்கிறார்கள். படித்துத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறோம். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000-ம் ஆண்டு செப்டம்பரில் ரியாதில் கூடியபோது கிரெடிட் கார்டு பற்றி ஒரு தீர்மானம் போட்டது. 108-ம் எண் தீர்மானம். நம் கணக்கில் பணம் இல்லாமல் கடனாகக் கொடுக்கும் கார்டில் வட்டி நிபந்தனை இருந்தால், கெடுவுக்குள் கட்டிவிடுவேன் என்ற எண்ணம் இருந்தாலும் அதை வாங்கிப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் முடிவு. வட்டி நிபந்தனை இல்லாத கார்டானால் கூடும். ரொக்கம் எடுப்பது கடன் வாங்குவதுதான், அதன்மேல் தொகைக்கும் காலத்துக்கும் ஏற்றவாறு கூடுதல் வாங்கினால் அது வட்டி. சேவைக்காக நிலையான ஒரு கட்டணம் வாங்கினால் அது வட்டி ஆகாது என்றும் பிரித்துச் சொல்லியிருக்கிறது. இதே விஷயத்தில், இன்றைய தேவையைக் கருதி, கெடுவுக்குள் முழுவதும் கட்டிவிடும் உறுதியோடு பொருள் வாங்க மட்டும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உலமாக்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். இரண்டு கருத்தையும் நம் குடும்பங்களில் பின்பற்றுகிறவர்கள் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கூடும் என்று சொல்கிறவர்கள் எதன்மேல் நின்று சொல்கிறார்கள்? கெடுவுக்குள் கட்டினால் வட்டி வராது என்பதன்மேல்தான். ரொக்கத்தில் அந்தக் கெடுவே இல்லை. ஆகவே கடன் வாங்கிய நிமிடமே வட்டி ஒப்பந்தத்துக்குள் போய்விடுகிறோம். பொருள் வாங்குவதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ரொக்கம் எடுப்பதில் ஒதுங்கி நிற்க ஓரம் இல்லை. சகோதரர் கேட்ட கேள்விக்கு ஹஜ்ரத் அவர்கள் சொன்ன பதில் அவருக்கு மட்டும் உரியது. அதை இங்கே சொல்ல மாட்டோம். அறியாமல் செய்தவருக்கும், இந்தக் கூட்டத்தில் கேட்ட பிறகு செய்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு என்பது மட்டும் எங்களுக்குப் புரிகிறது.

இன்னொரு செய்தி, துபாய் வழியாக வருகிறவர்களுக்கு. தங்கம். அதே தீர்மானத்தில், இத்தகைய கடன் கார்டில் தங்கம், வெள்ளி, நாணயம் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. தங்கத்துக்குக் கைக்குக் கை விலை கொடுக்க வேண்டும் என்ற விதியை நாம் அறிவோம். தேய்ராவில் நகைக்கடை வாசலில் நின்று, "இன்றைக்குக் கார்டில் தேய்த்துவிடலாம், ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கும்போது இது ஞாபகம் வரட்டும்.

அப்படியானால் வெளிநாட்டில் பணத்துக்கு என்ன வழி? இந்திய ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு முன்பெல்லாம் ஆளுக்கு 2,100 ரியால் புறப்படும் இடத்திலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். நம் பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும். 2023 ஹஜ்ஜிலிருந்து அந்த முறை நிறுத்தப்பட்டது. அவரவர் தேவைக்கு ஏற்ப ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று விட்டு, ஸ்டேட் பேங்க் மூலம் ரியால் நோட்டும் ஃபாரெக்ஸ் கார்டும் வாங்க வழி செய்தார்கள். உம்ரா போகிறவர்களுக்கு எப்போதுமே இது நம் சொந்தப் பொறுப்புதான்.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது நாம் முன்பணம் கட்டி ரியாலாகவோ திர்ஹமாகவோ ஏற்றிக்கொள்வது. ஏற்றிய அன்றைய விலை அப்படியே நிற்கும். நம் பணம்தான், கடன் கிடையாது, வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ரியால் ஏற்றிய கார்டை ரியாலில் தேய்த்தால் அந்த மூன்றரை சதவீதம் வராது. ஏ.டி.எம்.மில் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிலையான கட்டணம் இருக்கும், அதனால் ஐம்பது நூறாக எடுக்காமல் தேவையைக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் எடுங்கள். ரியால் கார்டைக் கொண்டுபோய்த் துபாயில் திர்ஹமுக்குத் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் விழும். வழியில் இறங்குகிறவர்கள் இரண்டு நாணயத்தையும் ஏற்றிக்கொள்ளலாம். மீதி வந்ததைத் திருப்பிக் கொடுத்து ரூபாயாக்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி 180 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, 2,000 டாலர் மதிப்புவரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

நோட்டாகக் கொண்டுபோவது பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சாதாரணமாக வெளிநாடு போகிறவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரைதான் வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இந்த 3,000 வரம்பு இல்லை. இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை கையில் இருக்கலாம். ரியால் வாங்கும்போது 50,000 ரூபாய்க்குமேல் போனால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். அங்கீகாரம் பெற்ற மாற்றுநரிடமே வாங்குங்கள், ரசீது கேளுங்கள். கடைத்தெருவில் தெரிந்தவர் பத்து பைசா குறைத்துக் கொடுக்கிறார் என்று போக வேண்டாம். விமான நிலையத்துக்குள் போய் வாங்குவதும் நஷ்டம்தான், அங்கே விலை பொதுவாக மோசம்.

நம் பழைய ஏ.டி.எம். கார்டையும் ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கும் அதே மாதிரி மூன்றரை சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும், எடுப்புக்கு ஒரு நிலையான கட்டணமும் உண்டு. மலிவு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது நம் பணம். அவசரத்துக்குக் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். அந்தச் சகோதரரின் அறுபதாயிரம் ஊரில் தூங்கிக்கொண்டிருக்க, அவர் 42 சதவீத வட்டிக்குக் கடன் எடுத்தார். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் அது நடந்திருக்காது.

அந்த ஐந்து நிமிட வேலையைச் சொல்கிறோம். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் எந்தக் கார்டும் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும் நிலையில்தான் வரும். வெளிநாட்டு உபயோகத்தை நாம்தான் திறக்க வேண்டும். வங்கியின் செயலியில் இருக்கிறது; தெரியாதவர்கள் கிளைக்குப் போகலாம். எந்தக் கார்டைக் கொண்டுபோகிறீர்களோ அதைத் திறங்கள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பையும் வையுங்கள். அதே செயலியில் கிரெடிட் கார்டுக்கு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுப்பதை மட்டும் தனியாக மூடிவைக்க முடியும். மூடிவைத்துவிடுங்கள். மனிதன் பலவீனமானவன், திறந்திருந்தால் கை போகும். ஊர் திரும்பியதும் வெளிநாட்டு உபயோகத்தையும் மூடிவிடுங்கள். ஓடிபி வரும் சிம்மைக் கழற்றாதீர்கள். ரோமிங் திறந்துவைத்தால் போதும், குறுஞ்செய்தி வந்து சேரும். பேச அந்த ஊர் சிம் வேண்டுமானால் இரண்டு சிம் போடும் போன் கொண்டுபோங்கள். 1800-ல் தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. வங்கியின் +91 எண்ணைத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். போனில் மட்டும் வைத்தால், போன் தொலையும் அன்று அதுவும் தொலையும்.

கடையில் கார்டைத் தேய்க்கும்போது இயந்திரம் சில சமயம் ஒன்று கேட்கும்: ரூபாயில் கட்டுகிறீர்களா, ரியாலில் கட்டுகிறீர்களா? ரூபாய் என்றதும் நமக்கு ஒரு நிம்மதி. எவ்வளவு போகிறது என்று தெரிகிறதே என்று அதை அழுத்திவிடுகிறோம். அழுத்தாதீர்கள். ரூபாயை அழுத்தினால் கடைக்காரர் பக்கத்து நிறுவனம் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை போட்டு மாற்றும், அதில் அவர்கள் லாபம் ஒளிந்திருக்கும். நம் வங்கிகள் சில அதற்குமேலும் ஒரு கட்டணம் போடுகின்றன. எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்.

ஓட்டல்களில் அறை கொடுக்கும்போது கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். பணம் போய்விட்டது என்று பதற வேண்டாம், காலி செய்த பின் சில நாளில் விடுவிப்பார்கள். ஏ.டி.எம். கார்டைக் கொடுத்திருந்தால் அதுவரை நம் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கார்டு தொலைந்தால் முதலில் செயலியில் அல்லது போனில் முடக்குங்கள், அழுவது அப்புறம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு நமக்குச் சாதகமானது. நம்மீதும் வங்கிமீதும் தவறு இல்லாமல் வேறொருவர் பணத்தை எடுத்திருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னால் நமக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளானால் ஒரு வரம்புவரை நம் தலையில் விழும். அதற்கும் மேல் போனால் வங்கியின் தயவு. பின் நம்பரை நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நேரம்வரை போனது நம்முடையதுதான். மக்காவில் கூட்டத்தில் ஒரு தம்பி வந்து, "பாய், நான் எடுத்துத் தருகிறேன்" என்று உதவ வருவார். நல்லவராகவும் இருக்கலாம். இருந்தாலும் வேண்டாம். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே சம்பளச் சான்றிதழைக் காட்டினாலே கார்டு கொடுத்துவிடுகிறார்கள். வேலை போனால், கார்டு கடனை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டால் முடிந்தது என்று ஒரு பழைய பேச்சு நம் சபுராளிகளிடம் இன்னும் ஓடுகிறது. மார்க்கப்படி அது கூடாது என்பது இருக்கட்டும்; சட்டப்படியும் அந்தக் காலம் போய்விட்டது. 2020 ஜனவரி 17 அன்று மத்திய அரசு ஐக்கிய அரபு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்தது. துபாய், அபுதாபி நீதிமன்றங்களின் சிவில் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றலாம். அங்கே எடுத்த கடனுக்கு இங்கே வீட்டு வாசலில் நோட்டீஸ் வரலாம். பிள்ளை போன் பண்ணும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, கார்டு எத்தனை வைத்திருக்கிறாய் என்றும் ஒரு தடவை கேளுங்கள்.

ஏற்கெனவே இந்தக் குழிக்குள் இருப்பவர்களுக்கு. மினிமம் டியூ மட்டும் கட்டினால் கடன் பல மாதம், பல வருடம் இழுக்கும் என்ற எச்சரிக்கையை பில்லிலேயே அச்சடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது; எழுத்து சிறிதாக இருக்கும், பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். போன மாத பில்லில் கொஞ்சம் பாக்கி வைத்தாலும், அடுத்து வாங்கும் பொருளுக்குக் கெடு நாள் சலுகை நின்றுவிடும். அரிசி பருப்புக்கும் வாங்கிய அன்றே வட்டி. ஆகவே பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டைத் தொடாதீர்கள். கடனை முழுவதும் அடைத்து, கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாளில் வங்கி மூடியாக வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2022-ல் வந்த விதி இது.

அந்தச் சகோதரர் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே பேச்சு நடந்தது. வட்டிக் கடனை அடைக்கப் பைத்துல்மால் பணமா, ஏழை வீட்டு மருத்துவச் செலவு மூன்று மனு காத்திருக்கிறதே என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜகாத் நிதியைத் தொடவில்லை. உறுப்பினர்கள் ஐந்து பேர் சொந்தப் பணத்தைச் சேர்த்து ஐம்பத்துமூன்றாயிரத்தைக் கைமாற்றாகக் கொடுத்தோம். அன்றே வங்கிக்குப் போய்க் கட்டி, கார்டை மூட எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மாதம் மூவாயிரம் எங்களுக்குத் திருப்பித் தருகிறார். முன்பு கார்டுக்கு வட்டியும் வரியுமாகவே ஏறத்தாழ அவ்வளவு போய்க்கொண்டிருந்தது. இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை. முதலில் ஆட்சேபித்த அந்தப் பெரியவரும் ஐந்து பேரில் ஒருவர்.

வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் நம் அலுவலகத்தில் கணினி தெரிந்த இரண்டு தம்பிகள் உட்கார்ந்திருப்பார்கள். பயணம் போகிறவர்கள் கார்டையும், வங்கியில் கொடுத்த எண் உள்ள போனையும், கடைசி பில்லையும் கொண்டு வாருங்கள். வெளிநாட்டு உபயோகம் திறந்திருக்கிறதா, ரொக்கம் எடுப்பது மூடியிருக்கிறதா, கட்டணம் எத்தனை சதவீதம் என்று பார்த்துச் சொல்வார்கள். பெண்களுக்கு அஸருக்குப் பின் தனியாக ஏற்பாடு இருக்கிறது. பின் நம்பரை மட்டும் எங்களிடமும் சொல்ல வேண்டாம். நீங்களே அழுத்துங்கள், தம்பிகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.